“ஸ்பைடர்மேனும் இப்படித்தானே அம்மா?”

வாசகியின் கடிதம், சுருக்கமாக

கணவருக்குப் பக்கவாதம் வந்து 14 மாதங்கள் ஆகின்றன. வலது கையும் காலும் முழுதாகத் திரும்பவில்லை. பேச்சு திக்கித் திக்கித்தான் வருகிறது. கடிதம் எழுதியவரின் சம்பளத்தில்தான் வீடு நடக்கிறது, ஷிஃப்ட் வேலை. மகனுக்கு 16 வயது, மகளுக்கு 9. யாரும் கேட்காமலே மகன் பொறுப்பை எடுத்துக்கொண்டான். மருத்துவமனையிலிருந்து வந்த புதிதில் நர்ஸ் சொன்னபடி இரவு 2 மணிக்கு அலாரம் வைத்து எழுந்து அப்பாவைப் புரட்டிப் படுக்க வைக்கிறான். காலை 5.30-க்கு எழுந்து மாத்திரை கொடுக்கிறான், தங்கையைப் பள்ளிக்குக் கிளப்புகிறான். “இனி நீதான்டா இந்த வீட்டுக்கு” என்று உறவினர்கள் அவனிடம் சொல்லியிருக்கிறார்கள், தாயும் சொல்லியிருக்கிறார்.

வகுப்பாசிரியர் அழைத்துப் பேசியபோதுதான் மற்றவை தெரிந்தன. வகுப்பில் தூங்கிவிடுகிறான். வினாடி வினா அணியிலிருந்து இரண்டு மாதம் முன்பே விலகிவிட்டான். வீட்டில் “பயிற்சி இருக்கு” என்று சொல்லிவிட்டு அந்த நேரத்தில் பள்ளி நூலகத்தில் தலைசாய்த்துத் தூங்குகிறான். இரண்டு வாரம் முன்பு சைக்கிளில் கண்ணயர்ந்து விழுந்திருக்கிறான்; முழங்கைக் காயத்தை “விளையாடும்போது பட்டது” என்று வீட்டில் சொல்லியிருந்தான். ஆசிரியர் சொன்னதை வெளிக்காட்டாமல், “ஏன்டா இவ்வளவு இழுத்துப் போட்டுக்கறே?” என்று மட்டும் தாய் கேட்டிருக்கிறார். “ஸ்பைடர்மேனும் இப்படித்தானே அம்மா? யார்கிட்டயும் சொல்லாம எல்லாத்தையும் அவனே பார்த்துக்கறான்ல?” என்று சிரித்திருக்கிறான். ‘ஸ்பைடர்மேன்: ஹோம்கமிங்’ படத்தை எத்தனை முறை பார்த்தான் என்று கணக்கே இல்லையாம்.

தாய் கேட்பவை: இந்தப் படம் அவனைக் கெடுக்கிறதா, அழித்துவிடலாமா? மகனை நினைத்துப் பெருமைப்பட்டது தவறா? மூன்று மாதம் முன்பு மருத்துவர் கொடுத்த அறிக்கையில் மறுபடி பக்கவாதம் வரும் அபாயம் பற்றி எழுதியிருந்ததால் மருத்துவ ஃபைலையே மகன் கண்ணில் படாமல் வைத்திருக்கிறார், அது சரியா? சைக்கிளில் விழுந்தது தனக்குத் தெரியும் என்று அவனிடம் சொல்லலாமா?

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் மகன் சொன்ன பதிலில் ஒரு பிழை இருக்கிறது. அவனோடு பேச்சைத் தொடங்க அந்தப் பிழையே நல்ல வழி என்பதால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அந்தப் படத்தில் பீட்டர் பார்க்கர், அதாவது ஸ்பைடர்மேனாக மாறும் பையன், யாரிடமும் சொல்லாமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வதில்லை. அவன் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறான். கேட்கத்தான் ஆளில்லை.

படத்தில் நடப்பது என்ன?

2017-இல் வந்த படம். பீட்டருக்கு 15 வயது. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் மே அத்தையுடன் வாழ்கிறான். அயர்ன்மேன் என்ற நாயகனான டோனி ஸ்டார்க் அவனுக்கு நவீனமான ஓர் உடையைக் கொடுத்து, ஏதாவது என்றால் என் உதவியாளர் ஹேப்பியிடம் சொல் என்று கைகாட்டிவிட்டுப் போய்விடுகிறார். பையன் பள்ளி விட்டதும் ஓடுகிறான். திருடுபோன சைக்கிளை மீட்கிறான், வழி தெரியாத மூதாட்டிக்கு வழி காட்டுகிறான், சாயங்காலம் உட்கார்ந்து அத்தனையையும் ஹேப்பியின் போனில் பேசிப் பதிவு செய்கிறான். பதில் வருவதில்லை. ஆபத்தான ஆயுதங்களை விற்கும் கும்பலைக் கண்டுபிடித்து அதையும் சொல்கிறான். நீ தலையிடாதே என்ற அளவில் முடித்துவிடுகிறார்கள். ஸ்டேட்டன் தீவுக்குப் போகும் ஃபெர்ரி இரண்டாகப் பிளந்த பிறகுதான் ஸ்டார்க் வாய் திறக்கிறார்: நீ சொன்னதைக் கேட்டேன், எஃப்.பி.ஐ.க்குச் சொன்னதே நான்தான். கேட்டிருக்கிறார், நடவடிக்கையும் எடுத்திருக்கிறார். பையனுக்கு மட்டும் தெரிவிக்கவில்லை. அந்த ஒரு தகவல் கையில் இல்லாததால்தான் அவன் தனியாக அந்தக் கப்பலில் ஏறினான்.

இப்போது உங்கள் கடிதத்தின் நடுவில், போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியைத் திரும்பப் படியுங்கள். அதே அறிக்கையில், “இனி அவரே புரண்டு படுத்துக்கொள்வார், இரவில் எழுப்ப வேண்டாம்” என்றும் மருத்துவர் எழுதியிருந்ததாகச் சொல்கிறீர்கள். பயமுறுத்தும் பக்கத்தை மறைக்கப் போய் நிம்மதி தரும் பக்கமும் மறைந்துவிட்டது. உங்கள் மகன் மூன்று மாதமாக, தேவையில்லாத ஓர் அலாரத்துக்கு எழுந்துகொண்டிருக்கிறான். “பாசத்தில் எழுகிறான் என்று விட்டுவிட்டேன்” என்கிறீர்கள். பாசம் இருக்கிறது, சந்தேகமில்லை. அதோடு, தான் ஒரு நாள் தூங்கிவிட்டால் அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பயமும் சேர்ந்துதான் அவனை எழுப்புகிறது.

ஆகவே உங்கள் மூன்றாவது கேள்விக்குத்தான் முதல் பதில். அந்த ஃபைலை எடுத்து அவனிடம் காட்டுங்கள். 16 வயதில் அவன் ஏற்கெனவே பாதியைக் கேட்டிருப்பான், மீதியைக் கற்பனை செய்திருப்பான். கற்பனை எப்போதும் அறிக்கையை விட மோசமாகத்தான் இருக்கும். சொல்லும்போது மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்: அப்பாவின் நிலை இப்போது என்ன, மறுபடி வராமலிருக்க என்ன செய்கிறோம், அதை யார் செய்கிறார்கள். இரத்த அழுத்த மாத்திரையைத் தவறாமல் கொடுப்பதும் குறிப்பிட்ட நாளில் பரிசோதனைக்கு அழைத்துப்போவதும் உங்கள் வேலை, அவனுடையது இல்லை. முகம் ஒரு பக்கம் புதிதாகக் கோணினாலோ, கை திடீரென்று மேலும் தளர்ந்தாலோ, பேச்சு இருந்ததை விடக் குழறினாலோ உடனே ஆம்புலன்ஸ் என்பதை வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும், சின்னவள் உட்பட. இரத்தக் கட்டி அடைத்து வரும் பக்கவாதத்துக்குக் கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பதால் நேரம் முக்கியம். இந்த அறிவு அவன் பயத்துக்கு ஓர் எல்லை போடும். இரவெல்லாம் காவல் இருப்பதால் பக்கவாதத்தைத் தடுக்க முடியாது என்பதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். அது அவனுக்குத் தெரியாது.

பெருமைப்பட்டது தவறா?

இல்லை. பிள்ளை வீட்டு வேலையில் தோள் கொடுப்பது அவனை வளர்க்கவும் செய்யும். சிக்கல் எங்கே தொடங்குகிறது என்றால், பிள்ளை பெற்றோருடைய இடத்தில் போய் உட்காரும்போது. குடும்ப சிகிச்சைத் துறையில் இதைப் ‘பெற்றோராக்கப்படுதல்’ என்போம். இதில் இரண்டு வகை உண்டு. சமையல், மாத்திரை, தங்கையின் பாடம் போன்ற வேலைச் சுமை ஒன்று. பெற்றோரின் துக்கத்துக்கும் பயத்துக்கும் பிள்ளையே ஆறுதலாக இருப்பது இன்னொன்று. இரண்டாவதுதான் ஆழமாகக் காயப்படுத்துவது. முதல் வகையில்கூட, தான் செய்வது வீட்டார் கண்ணில் படுகிறது, பங்கீடு நியாயமாக இருக்கிறது என்று பிள்ளை உணர்ந்தால் பாதிப்பு குறைகிறது. முடிவே தெரியாமல், யார் கண்ணிலும் படாமல் நடந்தால் கூடுகிறது.

“ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்தால் என் மனசைக் கொட்ட அவன் ஒருவன்தான் இருக்கிறான்” என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தனிமை எனக்குப் புரிகிறது, அதற்கு வடிகால் கட்டாயம் வேண்டும். ஆனால் அந்த வடிகால் அவனாக இருக்கக் கூடாது. கடன், சம்பளம், எதிர்காலம் பற்றிய உங்கள் பயத்தைக் கேட்க வயது வந்த ஒருவர் வேண்டும்: உடன்பிறந்தவர், தோழி, மருத்துவமனையின் சமூகப் பணியாளர், பக்கவாத நோயாளிகளின் குடும்பத்தார் கூடும் குழு, யாராக இருந்தாலும் சரி. வாரத்துக்கு ஒரு முறை, அரை மணி நேரம் போதும். உங்கள் முகம் கொஞ்சம் தெளிந்தாலே அவன் தோள் கொஞ்சம் இறங்கும்.

“இனி நீதான் இந்த வீட்டுக்கு” என்ற வார்த்தையைத் திரும்பப் பெறுங்கள். தெம்பு தரத்தான் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் பருவ வயது மனம் அதை வேறு மாதிரி எடுத்துக்கொள்ளும். டேவிட் எல்கைண்ட் என்ற உளவியலாளர் 1967-இல் இந்த வயதினரிடம் காணும் ஒரு நம்பிக்கையை விவரித்தார்: என் கதை தனிக்கதை, என்னைப் போல் யாரும் இல்லை, மற்றவருக்கு ஆவது எனக்கு ஆகாது. வீரக் கதைகள் இந்த வயதில் இவ்வளவு ஆழமாய்ப் பதிவதற்கு அதுவும் ஒரு காரணம். “என்னால் மட்டுமே முடியும்” என்று ஏற்கெனவே நம்ப ஆசைப்படும் ஒருவனிடம் வீடே சேர்ந்து “ஆமாம், உன்னால் மட்டும்தான்” என்று சொன்னால், அவன் எப்படிக் கையை உதறிவிட்டு விளையாடப் போவான்?

பெரும் ஆற்றலோடு பெரும் பொறுப்பும் வரும் என்ற வாசகத்தை அவன் நோட்டில் எழுதி வைத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். ஒரு சிறு தகவல், அவனுக்கே பிடிக்கும். ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் உருவாக்கி 1962 ஆகஸ்ட் இதழில் வந்த முதல் ஸ்பைடர்மேன் காமிக்ஸ் கதையில் அந்த வாசகத்தை எந்தப் பெரியவரும் பையனிடம் சொல்வதில்லை. கடைசிக் கட்டத்தில் கதைசொல்லியின் குரலாக வருகிறது. அவன் திரும்பத் திரும்பப் பார்க்கும் ஹோம்கமிங்கிலோ அது வருவதே இல்லை. அந்தப் படத்தின் முடிவில் பையனுக்குப் புது உடையும் அவெஞ்சர்ஸ் என்ற பெரிய நாயகர்களின் குழுவில் இடமும் காத்திருக்கின்றன. அவன் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்ச நாள் அக்கம்பக்கத்துச் சின்ன வேலைகளையே பார்க்கிறேன் என்று வீட்டுக்குத் திரும்புகிறான். தன் வயதுக்குப் பெரிய பொறுப்பை மறுப்பதுதான் அவனுடைய வளர்ச்சி. இவ்வளவு முறை பார்த்த உங்கள் மகன் இந்தக் காட்சியைத் தாண்டிப் போய்விடுகிறான் என்பதே அவன் நிலையைச் சொல்கிறது.

உடையைப் பறித்துவிட்டால்?

இனி எந்த வேலையும் செய்யாதே, படி, தூங்கு என்று ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்தத் தோன்றும். செய்யாதீர்கள். படத்திலும் ஃபெர்ரி விபத்துக்குப் பிறகு ஸ்டார்க் அதைத்தான் செய்கிறார். இந்த உடை இல்லாவிட்டால் நான் ஒன்றுமே இல்லை என்று பையன் கெஞ்சுகிறான். பறித்ததால் அவன் நின்றானா? பள்ளி நடன விழா இரவில், தானே தைத்த பழைய துணி உடையில், கண்காணிப்பும் பாதுகாப்பும் இல்லாமல் அந்த ஆயுதக் கும்பலின் தலைவனைத் தேடிப் போகிறான். கட்டடம் அவன்மேல் சரிகிறது. உங்கள் மகனும் அப்படியே செய்வான். அலாரத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வான்.

இப்படியே விட்டுவிடுவதும் முடியாது. சைக்கிள் விபத்து அதைச் சொல்லிவிட்டது. நான் பரிந்துரைப்பது, பொறுப்பை அளவெடுத்துக் குறைப்பது. ஒரு தாளில் இந்த வாரம் வீட்டில் நடக்கும் எல்லா வேலைகளையும், எந்த மணிக்கு, எத்தனை நிமிடம், இப்போது யார் என்று எழுதுங்கள். அவனோடு உட்கார்ந்தே எழுதுங்கள், ஏனென்றால் பாதி வேலைகள் அவனுக்குத்தான் தெரியும். பிறகு பெரியவர்கள் மட்டும் செய்ய வேண்டியவற்றை வட்டமிடுங்கள்: இரவு நேரக் கவனிப்பு, அப்பாவைத் தனியாகத் தூக்குவது, குளிப்பாட்டுவது, பண விஷயம், மருத்துவ முடிவு. தூக்குவதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. பயிற்சி இல்லாமல் ஒருவர் மட்டும் தூக்கினால் பையனின் முதுகும் போகும். தளர்ந்த கையைப் பிடித்து இழுத்தால் உங்கள் கணவரின் தோள் மூட்டு இறங்கிவிடவும் கூடும். பிசியோதெரபிஸ்ட்டை ஒரு முறை வரவழைத்து, படுக்கை விரிப்பைப் பயன்படுத்தி நகர்த்தும் முறையைப் பெரியவர்கள் கற்றுக்கொள்ளுங்கள்.

மீதியில் அவனே இரண்டைத் தேர்ந்தெடுக்கட்டும். இரண்டுக்கும் தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் இருக்க வேண்டும். மாலை 6 முதல் 6.40 வரை அப்பாவுக்குக் கைப் பயிற்சி, 7 முதல் 7.30 வரை தங்கைக்குக் கணக்கு என்பது போல. வாரத்தில் இரண்டு மாலையும், விடுமுறை நாளில் அரை நாளும் எந்த வேலையும் அவனைத் தொடக் கூடாது. வினாடி வினா அணிக்கு அவன் திரும்பப் போவது இந்த நேரத்தில்தான். இதைச் சலுகை என்று நினைக்காதீர்கள். 1989-இல் நிறைவேறிய ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31-ஆவது பிரிவு, 18 வயது வரையுள்ள ஒவ்வொருவருக்கும் ஓய்வையும் விளையாட்டையும் உரிமையாகவே வைத்திருக்கிறது.

கைமாற்றும்போது அவன் கௌரவம் குலையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். “நீ இனிமே வேண்டாம்” என்பது போல் ஒலித்தால் காயப்படுவான். அப்பாவுக்கு எந்தப் பக்கம் தலையணை வைத்தால் வலிக்காது, எந்த மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கிறான், எந்தச் சத்தம் வந்தால் தண்ணீர் கேட்கிறார் என்று 14 மாத அனுபவம் அவனிடம் இருக்கிறது. அதை ஒரு பக்கத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள், உங்களுக்குக் கற்றுத்தரச் சொல்லுங்கள். (சில மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது, அந்தப் பட்டியலை மருந்தாளரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள்.) எழுதிக் கொடுத்த பிறகும் முதல் ஒன்றிரண்டு வாரம் அவன் இரவில் எட்டிப் பார்ப்பான், எரிச்சல்படுவான், நீங்கள் தலையணை வைத்தது சரியில்லை என்பான். குற்ற உணர்ச்சி அப்படித்தான் வெளியே வரும். சண்டைக்குப் போகாமல், “சரி, எப்படி வைக்கணும்னு காட்டு, காட்டிட்டுப் போய்ப் படு” என்று மட்டும் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் கவனித்தேன். உங்கள் நீண்ட கடிதத்தில் கணவர் எங்குமே பேசவில்லை. அவருக்குப் பேச்சு திக்குகிறதே தவிர, தகப்பன் என்ற இடம் போய்விடவில்லை. மகன் எத்தனை மணிக்கு எழுகிறான் என்று அவருக்குத் தெரியும். ஒருவேளை அவர்தான் முதலில் வேதனைப்பட்டிருப்பார். “நீ தூங்குப்பா” என்று அவர் வாயால், பத்து நிமிடம் ஆனாலும், அவரே சொல்லட்டும். உங்கள் நூறு அறிவுரைகளும் அந்த இரண்டு சொல்லுக்கு ஈடாகாது.

தூக்கக் கணக்கு

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துக் கூட்டினால், 12 மணிக்குப் படுக்கிறான், 2-க்கு எழுகிறான், மறுபடி தூக்கம் பிடிக்க அரை மணி ஆகிறது, 5.30-க்கு அலாரம். மொத்தம் ஐந்து மணி நேரம், அதுவும் இரண்டு துண்டாக. 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம் தேவை. “ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை தூங்கிச் சரிசெய்துகொள்கிறான்” என்கிறீர்கள். அது சரிசெய்வதில்லை. உடலின் கடிகாரத்தை இன்னும் பின்னுக்குத் தள்ளுகிறது; அதனால் ஞாயிறு இரவு தூக்கம் வராமல், திங்கள்கிழமைதான் வகுப்பில் மிக மோசமாகக் கண்ணயர்வான்.

நூலகத் தூக்கத்திலும் இதே சிக்கல். பள்ளி விட்ட பின் ஒரு மணி நேரம் தூங்குவதால் இரவில் கண் மூட 12 ஆகிறது. தேவையானால் 20 முதல் 30 நிமிடம், அதுவும் பிற்பகல் 4 மணிக்குள் முடிய வேண்டும். இரவு 9-க்கே படு என்று விரட்டினாலும் பலனில்லை. பருவ வயதில் தூக்கத்தை அழைக்கும் மெலடோனின் சுரப்பதே ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிப்போகிறது, புரண்டுகொண்டு கிடப்பான். இரவு 10.15-க்குப் படுத்துக் காலை 6.30-க்கு எழுவது எட்டக்கூடிய இலக்கு. மூன்று நாளைக்கு ஒரு முறை 15 நிமிடம் முன்னே கொண்டுவாருங்கள், 12-லிருந்து 10.15-க்கு வர மூன்று வாரம் ஆகும். விடுமுறை நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகத் தூங்க விடாதீர்கள். மதியத்துக்குப் பிறகு காபி வேண்டாம், குடித்த காபியின் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடலில் இருக்கும். 5.30 மாத்திரையை 6.45-க்குத் தள்ளலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். 9 வயதுப் பெண் முந்தின இரவே பையை அடுக்கி, உடையை எடுத்து வைத்துவிட்டால் காலையில் தானே கிளம்பிவிடுவாள்.

அதுவரை ஒரு விதியில் மட்டும் தளர்வு காட்டாதீர்கள்: ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கிய நாளில் சைக்கிள் இல்லை. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தாலே கவனமும் உடல் எதிர்வினையும், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மாதக்கணக்கில் அரைத் தூக்கத்தில் இருப்பவனின் நிலை அதைவிடக் கவலைக்குரியது. பீட்டர் பார்க்கர் கட்டட இடிபாட்டிலிருந்து எழுந்து அதே இரவில் விமானத்தின் மேல் சண்டை போடலாம், அவனைச் சிலந்தி கடித்திருக்கிறது. இதை அவனிடம் இப்படியே சொல்லுங்கள், சிரிப்பான், ஆனால் மனதில் நிற்கும்.

படத்தை வைத்தே பேசுங்கள்

படத்தை அழிக்காதீர்கள். ஒரு விடுமுறை நாளில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து முழுதாகப் பாருங்கள். நீங்கள் இதுவரை பார்க்கவில்லை என்பதே அவனுக்கு ஒரு சேதிதான். இரண்டு மூன்று இடத்தில் மட்டும் ஒரு கேள்வி கேளுங்கள்.

ஹேப்பிக்குப் பதிவு அனுப்பும் காட்சியில்: “இவன் சொல்றதை யாரும் கேக்கலியே, உனக்கு அப்படித் தோணியிருக்கா?” ஓட்டல் அறையில் பீட்டரின் நண்பன் நெட், ஸ்டார்க் உடையில் போட்டிருந்த கட்டுப்பாட்டை நீக்கும் காட்சியில்: “ஏன் அந்தக் கட்டுப்பாடுன்னு முன்னாடியே சொல்லியிருந்தா எடுத்திருப்பானா?” இந்தக் கேள்வி உங்களுக்கும் சேர்த்துத்தான். காரணம் சொல்லாமல் போட்ட எந்தக் கட்டுப்பாட்டையும் 15, 16 வயதுப் பிள்ளை கழற்றிப் பார்ப்பான்.

மூன்றாவது, இடிபாட்டுக் காட்சி. இதை அவசரப்படாமல் பாருங்கள். இளைஞர்கள் பலர் நினைவில் வைத்திருப்பது, பீட்டர் தனக்குத் தானே தெம்பு சொல்லிக்கொண்டு கான்கிரீட் பாளங்களைத் தூக்கி எறிவதைத்தான். அதற்கு முன்னால் அவன் செய்வது அழுகை. குழந்தையைப் போல, யாராவது காப்பாற்றுங்கள் என்று கத்துகிறான். யாரும் வராததற்குக் காரணம், அவன் அங்கே இருப்பது எந்தப் பெரியவருக்கும் தெரியாது. “எங்கே இருக்கான்னு ஒருத்தருக்குத் தெரிஞ்சிருந்தா?” என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். பதில் உடனே வராது. அன்று வராமலும் போகலாம். “பாத்தியா, மறைச்சா இப்படித்தான் ஆகும்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரு வாக்கியத்தோடு பேச்சு முடிந்துவிடும், அடுத்த முறை படத்தையும் உங்களோடு பார்க்க மாட்டான்.

வினாடி வினா பொய்யைப் பற்றி நேராகவே பேசலாம், அதட்டாமல். “டீமை விட்டுட்டேன்னு தெரியும். கோபம் இல்லை. எங்கிட்ட சொல்ல முடியாம போச்சேன்னுதான் இருக்கு” என்ற அளவில். எதிரெதிரே உட்கார்ந்து கேட்டால் விசாரணை போல இருக்கும். நடந்துகொண்டே, துணி மடித்துக்கொண்டே கேளுங்கள். வகுப்பாசிரியரிடமும் வீட்டு நிலையை விளக்க வேண்டும். ஆனால் முதலில் அவனிடம் அனுமதி கேட்டு, எதைச் சொல்லலாம் எதை வேண்டாம் என்று அவனே தீர்மானிக்கட்டும். ஒரே ஓர் ஆசிரியருக்குத் தெரிந்தால் போதும். ஒப்படைப்புக்கு மூன்று நாள் கூடுதல், வகுப்பில் தூங்கினால் எல்லோர் முன்னாலும் கேட்காமல் தனியாக அழைத்துப் பேசுவது, வீட்டிலிருந்து வரும் அவசர அழைப்பை அலுவலகம் வழியாக அவனுக்குச் சேர்ப்பது. இந்த மூன்றையும் எழுத்தில் கேளுங்கள்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் விருப்பமில்லாமல் இருப்பது, பிடித்த படத்தைக்கூடப் பார்க்காமல் இருப்பது, பசி அடியோடு மாறுவது, “நான் இல்லன்னா உங்களுக்குச் சுமை குறையும்” என்ற பேச்சு, பிடித்த பொருட்களை மற்றவருக்குக் கொடுத்துவிடுவது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மனநல மருத்துவரிடம் போங்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. கேட்டவரிடம்தான் பிள்ளை மனம் திறக்கிறது. ஆம் என்று சொன்னால் அவனைத் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். இவை எதுவும் இல்லாமல், மூன்று நான்கு வாரம் எட்டு மணி நேரம் தூங்கிய பிறகும் பகலில் கண்ணயர்ந்தால், இரத்தசோகையும் தைராய்டும் இருக்கிறதா என்று பொது மருத்துவரிடம் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

கடைசிக் கேள்வி, விழுந்தது தெரியும் என்று சொல்லலாமா என்பது. சொல்லுங்கள், மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால், இன்றைக்கே. படம் பார்க்கும் வரை இதைத் தள்ளிப்போட வேண்டாம். முழங்கைக் காயத்தை அவன் காட்டினான். தலையில் அடிபட்டதா என்று யாரும் கேட்கவில்லை. விழுந்த நாளிலிருந்து தலைவலி, குமட்டல், வெளிச்சம் பட்டால் கண் கூசுவது, படித்தது மனதில் நிற்காதது எதுவும் இருந்தால், இரண்டு வாரம் ஆகிவிட்டதே என்று விடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். “டீச்சர் சொன்னாங்க, சைக்கிள்ல விழுந்தியாமே. தலையில பட்டுச்சா?” என்று மட்டும் கேளுங்கள். ஏன் மறைத்தாய் என்ற கேள்வியை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.